மூன்றாம் நாள் உப்பு

காட்டுமாட்டை உயிரோடு ஒரு தடவைகூடப் பார்க்காத பெண், காட்டுமாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். கோணெகல்லுப் பால் சொசைட்டியின் தகரக் கூரைக்கு அடியில், காலிக் கேன்களுக்கு நடுவே குந்தியிருந்து ஆஞ்சப்பன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கூட இன்னும் பத்துப் பன்னிரண்டு பட்டிக்காரர்கள். எல்லோரும் காட்டுக்குள் முள்வேலி அடைத்துப் பட்டி போட்டு, முப்பது நாற்பது மாடுகளை வைத்துப் பிழைப்பவர்கள். பாதிப் பேருக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் வாயில் சுலபமாக வரும்.

பேச வந்தவள் டாக்டர் சுகுணா. மத்தூர்க்காரி, மாட்டு டாக்டருக்குப் படித்தவள். வளர்ப்பு மாடும் பிழைக்க வேண்டும், காட்டு விலங்கும் பிழைக்க வேண்டும் என்று பட்டிக்காரர்களுக்குச் சொல்லித்தரும் திட்டம் ஒன்றில் அவளுக்கு வேலை. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் படம் காட்டினாள். முதல் படத்தில் பெரிய தொப்பி போட்ட வெள்ளைக்காரன் குதிரைமேல் உட்கார்ந்து ஆயிரம் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

"மாடு மேய்க்கக் குதிரையா? அப்ப குதிரைய யாரு மேய்க்கறது?" என்றான் முனிராஜ். பக்கத்துப் பட்டிக்காரன், வாய் சும்மா இருக்காத ஆள். கூரை அதிரச் சிரித்தார்கள். சுகுணாவும் சிரித்துவிட்டு அந்தப் படத்தைத் தள்ளினாள்.

அப்புறம் அவள் சொன்னது ஆஞ்சப்பனுக்குச் சிரிப்பாக இல்லை. "புல்லும் தண்ணியும் மட்டும் இல்லைங்கண்ணா, நோயும் பங்குதான். கோமாரி வந்தா வாயில புண்ணு தெரியறதுக்கு முன்னாடியே எச்சில்ல நோய் எறங்கிடும். மாடு நல்லா இருக்குன்னு நீங்க நெனைச்சிட்டு இருப்பீங்க, அது நக்குன எடமெல்லாம் நோய் இருக்கும். உங்க மாட்டுக்கு மருந்து போட நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன். காட்டுமாட்டுக்கு யாரு இருக்கா? கொளம்பு கழண்டு நின்ன எடத்துலயே சாகும்."

ஆஞ்சப்பன் எழுந்தான். "டாக்டரம்மா, நீங்க காட்டுமாட்டப் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது. அவள் சொல்லவில்லை. "செத்தது ஒண்ணு பாத்திருக்கேன். அறுத்துப் பாக்கக் கூப்பிட்டாங்க. உயிரோட பாத்ததில்லைங்கண்ணா" என்றாள். மறுபடி கூரை அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ஆஞ்சப்பன்தான். வீட்டுக்குப் போகும் வழியில் அவனுக்கே அது நன்றாகப் படவில்லை.

ஏனென்றால் அவன் பார்த்தவன். ஒருமுறை இருமுறை அல்ல, நாற்பது வருஷமாகப் பார்க்கிறவன்.

பேப்பரில் காட்டெருமை என்று போடுகிறார்கள். போடுகிறவர்கள் ஓர் எருமையையாவது பார்த்திருப்பார்களா என்பது ஆஞ்சப்பனின் சந்தேகம். அது எருமை இல்லை, மாடு. மாடு என்கிற பிராணியை ஆண்டவன் முதன்முதலில் ஆசை தீரச் செய்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி. காளையின் திமில் ஆஞ்சப்பன் உயரத்துக்கு மேலே நிற்கும். எண்ணெய் தடவின மாதிரி கறுப்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் பளிச்சென்ற வெள்ளை, இங்கிலீஷ் ஸ்கூல் பிள்ளைகள் சாக்ஸ் போட்ட மாதிரி. அவ்வளவு பெரிய உடம்பு காய்ந்த சருகுமேல் நடந்து வரும், சத்தமே கேட்காது. அதை நினைத்தால் இந்த ஐம்பத்திரண்டு வயதிலும் அவனுக்குக் கைமயிர் நட்டுக்கொள்ளும்.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டி மங்கம்மாவிடம்கூட. சொன்னால் எங்கே பார்த்தாய் என்று கேட்பார்கள், அங்கேதான் சிக்கல்.

பட்டியிலிருந்து ஒரு மணி நேரம் மேலே ஏறினால் ஒரு குட்டை. அதன் கரையில், பெரிய நாவல் மரத்து நிழலில் தட்டையான பாறை. மாடுகள் நக்கி நக்கி அதில் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருக்கும். அமாவாசைக்கு அமாவாசை காலையில் அந்தக் குழிகளில் கல்லுப்பு கொட்டி மாடுகளை நக்கவிடுவது ஆஞ்சப்பனின் அப்பன் காலத்து வழக்கம். உப்பு நக்காத மாடு மண்ணைத் தின்னும், எலும்பைக் கடிக்கும். இப்போது அந்த இடம் காப்புக்காடு. மாடு தண்ணீர் குடிக்கலாம், மேயலாம், அதற்கு வருஷா வருஷம் வனவர் எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. காட்டுக்குள் எதையும் கொண்டுபோய்ப் போடக் கூடாது, உப்பாக இருந்தாலும் சரி. தெரிந்தால் சீட்டு போயிற்று, பட்டி போயிற்று. வனவர் ஹரீஷ்குமார் கெஞ்சினால் இளகுகிற ஆள் இல்லை, காசுக்கும் இளகாத ஆள். எனவே ஆஞ்சப்பன் இருட்டு விலகும் முன்பே உப்பைத் துண்டில் முடிந்து எடுத்துப் போவான், திரும்பும்போது துண்டை உதறிவிட்டு வருவான்.

உப்பு வைத்த அன்றும் மறுநாளும் பாறையில் வீட்டு மாட்டின் வாடை இருக்கும். அது அடங்கி, மூன்றாம் நாள் சாயங்காலம் காட்டுமாடுகள் இறங்கி வரும். குழியில் மிச்சமிருக்கும் உப்பை நக்கத்தான். தப்பிப்போன கிடாரியைத் தேடுவதாக மங்கம்மாவிடம் சொல்லிவிட்டு ஆஞ்சப்பன் அன்றைக்கு மட்டும் தனியாக மேலே போவான். எதிர்ச் சரிவில் ஒரு கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான். அவ்வளவுதான். கும்பிடவும் மாட்டான், ஃபோனில் படம் பிடிக்கவும் மாட்டான். மாசத்துக்கு ஒரு கிடாரி எப்படித் தப்பிப்போகிறது என்று மங்கம்மாவும் கேட்டதில்லை.

பங்குனி அமாவாசை திங்கட்கிழமை வந்தது. உப்பு வைத்தான். புதன்கிழமை காலையில் பட்டிப் படலைத் திறந்தால், கெம்பன் எழுந்திருக்கவில்லை.

கெம்பன் அவனுடைய பொலிகாளை, செங்காவி நிறம். அதன் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தரைவரை தொங்கியது. எழப் பார்த்து முன்னங்காலை உதறியது. பக்கத்தில் இரண்டு பசுக்கள் அதேபோல வாய் சப்பிக்கொண்டிருந்தன. தடுப்பூசி போடுகிறவர்கள் தை மாசம் ஊருக்குள் வந்துபோனபோது இவனுடைய மாடுகள் காட்டில் இருந்தன. ஓட்டிவர வேண்டும் என்று நினைத்தான், ஓட்டிவரவில்லை.

மங்கம்மா பார்த்த மாத்திரத்தில் சொன்னாள். "கோமாரி. நிக்காத, மேல குட்டைக்கு ஓட்டு. சேத்துல ரெண்டு நாள் நின்னா கால்புண்ணு ஆறிடும். உங்கப்பன் அப்பிடித்தான பண்ணுவாரு?"

அவர் அப்படித்தான் செய்வார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். படலைப் பிடித்த கை பிடித்தபடியே ஆஞ்சப்பன் நின்றான். அந்தக் குட்டையில்தான் காட்டிலுள்ள எல்லாமும் தண்ணீர் குடிக்கின்றன. சொசைட்டியில் கேட்டது காதிலேயே இருந்தது. "வேண்டாம். டாக்டரம்மாவக் கூப்பிடறேன்" என்றான். மங்கம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

சுகுணா ஒன்பது மணிக்கெல்லாம் பைக்கில் வந்துவிட்டாள். ஒவ்வொரு மாட்டின் வாயையும் திறந்து பார்த்தாள், குளம்பிடுக்கைப் பார்த்தாள், ஊசி போட்டாள். நோய் கண்ட ஏழு மாடுகளையும் தனியாகப் பிரித்துக் கட்டச் சொன்னாள். படிகாரத் தண்ணீரில் கால் கழுவணும், கூழ் காய்ச்சி ஊட்டணும், மூன்று வாரத்துக்கு ஒரு மாடும் பட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. மங்கம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம் சுகுணா நோட்டை எடுத்தாள்.

"இந்த நாலஞ்சு நாள்ல மாடுங்க எங்கெங்க போச்சுங்கண்ணா? ஒரு எடம் விடாம சொல்லுங்க."

சொன்னான். மேய்ந்த சரிவு, படுத்த நிழல், தண்ணீர் குடித்த குட்டை. அவள் கோடு போட்டுப் படமாக வரைந்துகொண்டாள். "குட்டைத் தண்ணில கலந்தது பரவிப் போயிருக்கும். வெயில் பட்ட மண்ணுலயும் ரொம்ப நேரம் நிக்காது. ஒரே எடத்துல எச்சில் ஊறி, நிழல்ல ஈரமா கெடக்கற மாதிரி எதாச்சும் இருக்கா? தொட்டி, கல்லு, அப்பிடி எதாச்சும்?"

ஆஞ்சப்பனுக்கு உப்புப் பாறை கண்முன் வந்தது. திங்கட்கிழமை காலையில் கெம்பன்தான் முதலில் ஓடிப்போய்ப் பெரிய குழியில் வாயை வைத்தான். மற்ற மாடுகளை முட்டித் தள்ளிவிட்டு, ஒரு நாழிகை நேரம் நக்கினான். இன்றைக்குப் புதன். மூன்றாம் நாள்.

"இல்லம்மா" என்றான்.

"வேற எங்கயும் இல்லையே?"

"இல்லைங்க."

அவள் நோட்டை மூடினாள். பைக்கை எடுத்துக்கொண்டு மண்பாதையில் இறங்கினாள். ஆஞ்சப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். பட்டி அவனுக்கு வெறும் தொழில் இல்லை. பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். ஊருக்குள் நிலம் என்று ஒரு சென்ட்கூடக் கிடையாது. அனுமதிச் சீட்டு போனால் நாற்பத்து மூன்று மாடுகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவான்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. காட்டில் எது செத்தாலும், எதனால் செத்தது என்று யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

அவனுக்குத் தெரியும். அதுதான் வினை. முன்னே நடக்கும் கிழப்பசுவை அவனுக்குத் தெரியும், ஒரு கொம்பு நுனி மழுங்கினது. பின்னால் வரும் காளையைத் தெரியும். மொத்தம் பதினொன்று. போன மாசம் எண்ணினான், கிழப்பசுவுக்கு வயிறு இறங்கியிருந்தது, சினை. கெம்பன் தலையை ஆட்டினான். எச்சில் கயிறு அறுந்து கல்தொட்டியில் சொத்தென்று விழுந்தது. ஆஞ்சப்பன் ஓட ஆரம்பித்தான்.

செருப்பு ஒரு பக்கம் போயிற்று, துண்டு ஒரு பக்கம் போயிற்று. இரண்டாவது வளைவில் பைக்கைப் பிடித்தான். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினான், பாறை, உப்பு, அமாவாசை, மூன்றாம் நாள். "இன்னிக்கு சாயங்காலம் வரும்மா. வந்து அதே குழியில வாய வெக்கும்."

சுகுணா அவனைத் திட்டவில்லை. மணியைத்தான் பார்த்தாள். "சலவை சோடா வேணும். இருவது கிலோ. பத்து லிட்டர் தண்ணிக்கு நானூறு கிராம் போட்டுத் தேச்சா நோய் செத்துரும். இங்க எங்க கெடைக்கும் அவ்ளோ?"

கிடைத்தது. ஆஞ்சப்பனின் மருமகன் செல்வம் ஓசூரில் கம்பெனி யூனிஃபார்ம்களை வெளுக்கும் பெரிய லாண்டரியில் வேலை செய்கிறான். விருதுநகர்ப் பக்கத்துப் பையன், காடு என்றால் சினிமாவில் பார்த்ததோடு சரி. நைட் ஷிப்ட் முடிந்து படுத்தவனை ஃபோனில் எழுப்பினான். ஒரு மூட்டை சோடாவைப் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு செல்வம் இரண்டரை மணிக்கு வந்து சேர்ந்தான்.

"மாமா, பாறையக் கழுவ சோடா வேணும்னு சொன்னேன், எங்க சூப்பர்வைசர் என்னைய மேலயும் கீழயும் பாக்குறாரு மாமா. யாரு பாறைய யாரு மாமா கழுவுறது?"

"வா மாப்ள, நடந்துட்டே சொல்றேன்."

நோய் மாட்டைத் தொட்ட துணியோடு வரக் கூடாது என்று சுகுணா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குளித்து, வேட்டி மாற்றி, காலைச் சோடாத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் ஆஞ்சப்பன் கிளம்பினான். மூன்று பேரும் மூட்டையை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். பாறைக்குப் போகும்போது நாலு மணி. குட்டைப் பக்கம் சோடா வழியாமல் இருக்க ஆஞ்சப்பன் முதலில் மண்ணை வெட்டி வரப்பு போட்டான். செல்வம் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்தான். சுகுணா கையுறை கிழிந்ததைக்கூடக் கவனிக்காமல் தென்னந்துடைப்பத்தால் குழி குழியாகத் தேய்த்தாள். நாற்பது குழிகள் இருந்தன. அப்பன் கை வைத்த குழிகள், அதற்கும் முன்னால் யாரோ. ஆஞ்சப்பனும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தான். கழுவின குழிகளின்மேல் உண்ணிமுள்ளை வெட்டிப் போட்டு மூடினார்கள்.

கெம்பன் நக்கின பெரிய குழி கடைசியில் இருந்தது. அதற்கு வரும் முன்னே காடு அமைதியாகிவிட்டது.

கத்திக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிறுத்தின. ஆஞ்சப்பன் தலையைத் தூக்கினான். மேல்சரிவில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் இருந்த நிழல் நகர்ந்தது. அது நிழல் இல்லை.

"மாப்ள" என்றான் மெதுவாக. "குடத்தக் கீழ வெச்சிட்டு அந்த நாவ மரத்துல ஏறு." செல்வம் குடத்தைக் கீழே வைக்கவில்லை. குடத்தோடு ஏறினான். எப்படி ஏறினான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

"நீங்களும் போங்கம்மா."

சுகுணா போகவில்லை. அவளுக்குக் கேட்டதா என்பதே சந்தேகம். துடைப்பத்தைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

கிழப்பசு முதலில் வந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், வெள்ளைக் கால்களை எடுத்து வைத்து வெளிச்சத்துக்கு வந்தன. சாயங்கால வெயில் முதுகுகளில் பட்டு மின்னியது. ஒவ்வொன்றும் வெளியே வர வர இடம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. குட்டை சின்னதாயிற்று, பாறை சின்னதாயிற்று, ஆஞ்சப்பன் ஒன்றுமே இல்லாதவனானான். நாற்பது வருஷம் எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தது வேறு. இது இருபது தப்படி. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவன் பட்டியில் வருகிற அதே வாடை, சாணியும் புல்லும் கலந்தது, அதைவிடப் பத்து மடங்கு கனமாக. நம் மாடுதான், ஐயோ, நம் மாடுதான் என்று அவனுக்குள் ஏதோ அலறியது. பயத்தில் அல்ல.

காளை கடைசியில் வந்தது. வந்தது, நேரே பெரிய குழியை நோக்கி நடந்தது.

என்ன செய்கிறோம் என்று ஆஞ்சப்பன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கிளையில் இருந்திருப்பான். எழுந்து, பெரிய குழியின்மேல் இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்றான். கையில் ஒரு குச்சிகூட இல்லை.

காளை நின்றது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, தன் முழு உடம்பையும் பக்கவாட்டில் காட்டி நின்றது. எவ்வளவு பெரியவன் பார், யோசித்துக்கொள் என்று காட்டுமாடு சொல்கிற விதம் அது. ஆஞ்சப்பன் பார்த்தான். தொங்கும் தாடை, மலை மாதிரி எழுந்த முதுகு, அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கரிச்சான் குருவி. அந்தக் குருவிக்கு இருந்த தைரியம்கூட அவனுக்கு இல்லை. ஆனால் வாய் தானாகப் பேசிற்று. மாட்டோடு பேசும்போது அவனுக்குக் கன்னடம்தான் வரும்.

"பேட சாமி" என்றான். "இவத்து பேட. பேட, பேட."

வேண்டாம் சாமி. இன்றைக்கு வேண்டாம். கன்றுக்குட்டி தப்பான செடியில் வாய் வைத்தால் சொல்கிற அதே குரலில் சொன்னான். காளை மூக்கால் ஒருமுறை காற்றைத் தள்ளியது. அந்தக் காற்று சூடாக அவன் நெஞ்சில் பட்டது போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று பின்னால் செல்வத்தைக் கேட்டபோது, "பத்து நிமிஷம் மாமா" என்றான். சுகுணா ஒரு நிமிஷம்கூட இருக்காது என்றாள்.

திரும்பினது கிழப்பசுதான். பாறையை விட்டுவிட்டு, குட்டையின் தூரக்கரைக்கு நடந்தது. மற்றவை அதன் பின்னால் போயின. கடைசியில் காளையும், தன்னை மதிக்காத ஒருவனைத் திரும்பிப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. பதினொன்றும் வரிசையாகத் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தன. அப்புறம் மூங்கிலுக்குள் போயின. அத்தனை பெரிய உடம்புகள் போன இடத்தில் ஒரு தழைகூட ஆடவில்லை.

ஆஞ்சப்பன் அப்படியே குழிமேல் உட்கார்ந்துவிட்டான். சுகுணா அழுதுகொண்டிருந்தாள், அழுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சோடா பட்டு விரலெல்லாம் வெளுத்திருந்தது. "அண்ணா, சொசைட்டியில நான் பேசினேனே, அதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்கண்ணா" என்றாள். "இதக் காட்டாம நான் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்?"

"நீங்க சொன்னதாலதான் இன்னிக்கு நின்னேன்" என்றான் ஆஞ்சப்பன். "எழுந்திருங்க, ஒரு குழி பாக்கி இருக்குது."

பதினாலு நாள் பார்க்க வேண்டும் என்றாள் அவள். குட்டைத் தண்ணீரிலோ சரிவிலோ ஏற்கெனவே தொற்றியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். நொண்டும், எச்சில் வடியும். அந்தப் பதினாலு நாளும் ஆஞ்சப்பன் பகலெல்லாம் பட்டியில் கிடந்தான், சாயங்காலம் குளித்துவிட்டு எதிர்ச் சரிவுக்குப் போனான். ஐந்தாம் நாள் தூரத்தில் பார்த்தான். ஒன்பதாம் நாள் ஏழுதான் வந்தன, அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பட்டியில் கெம்பன் மங்கம்மா ஊட்டின கேழ்வரகுக் கூழில் மெல்ல எழுந்து நின்றான். இரண்டு கன்றுகள் எழவில்லை. ஒன்று காலையிலும் ஒன்று மத்தியானமும் செத்தன. மங்கம்மா அவற்றைப் புதைத்த குழியில் மண்ணைத் தள்ளிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கெடாரி தேடப் போற எடம் எதுன்னு எனக்கு முன்னயே தெரியும்" என்றாள். "அதுங்களுக்குக் காவல் நிக்கற. இதுங்களுக்கு ஊசி போட ஒரு நாள் ஓட்டிட்டு வர முடியல உனக்கு."

 அவள் சொன்னது சரி. அடுத்த ஊசிக்கு மாடுகளை முதல் நாளே ஊருக்கு இறக்கிவிடுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மண்வெட்டியைக் கழுவப் போனான்.

பதினாலாம் நாள் சாயங்காலம் சுகுணாவோடு வனவர் ஹரீஷ்குமாரும் வந்தார். காட்டுக்குள் நோய் போன வழியை எழுதித்தர வேண்டியது அவள் வேலை. பாறையைப் பற்றி எழுதியிருந்தாள், உப்பு யாருடையது என்று எழுதவில்லை. எதிர்ச் சரிவில் கல்லுக்குப் பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வனவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். வெயில் மஞ்சளானது, ஆரஞ்சானது. குருவிகள் நின்றன.

கிழப்பசுவைக் காணோம். முதலில் வந்தது ஓர் இளம்பசு. ஆஞ்சப்பன் எண்ண ஆரம்பித்தான். ஒவ்வொன்றின் காலையும் பார்த்தான். இரண்டு, மூன்று, நாலு. வெள்ளைக் கால்கள் நேராக விழுந்தன. வாயோரம் பார்த்தான், காய்ந்திருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. காளை பத்து. அதற்குப் பின்னால் மூங்கில் சும்மா இருந்தது. 

அப்போது மழுங்கின கொம்பு தெரிந்தது. கிழப்பசு வெளியே வந்து நின்று, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து தங்க நிறத்தில் ஏதோ தடுமாறி வெளியே வந்தது. இன்னும் சாக்ஸ் வராத கால்கள். பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். அது நேரே பாறைக்கு ஓடி, முள்ளுக்கு வெளியே வெறும் கல்லை ஒருமுறை நக்கிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. தாயிடம் திரும்பி ஓடியது.

"பன்னெண்டு" என்றான் ஆஞ்சப்பன். வாய்விட்டுச் சொல்லிவிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. நம் பட்டியில் இரண்டு போயின, இங்கே ஒன்று வந்தது. அது எந்தக் கணக்கிலும் சரியாகாது. ஆனாலும் அவனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

அவை போய்ச் சேரும்வரை வனவர் பொறுத்திருந்தார். அப்புறம் நோட்டைத் திறந்தார். "பாறையில உப்பு வெச்சது யாருன்னு டாக்டர் எழுதல" என்றார். "நான் எழுதணும்."

சுகுணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆஞ்சப்பன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எழுதிக்கங்க சார். எங்கப்பன் வெச்சாரு, அவருக்கப்புறம் நான் வெச்சேன். இனி வெக்க மாட்டேன், மாட்டுக்கு உப்பு பட்டியிலயே வெச்சுக்கறேன். பட்டிய காட்டுக்கு வெளிய போடச் சொன்னாலும் போடறேன், எங்கன்னு மட்டும் காட்டுங்க." முன்னாலிருந்த கல்லைத் தட்டினான். "ஒண்ணே ஒண்ணு சார். மாடு இல்லாம, உப்பு இல்லாம, வெறும் ஆளா மாசத்துக்கு ஒரு நாள் இங்க வந்து உக்காந்துட்டுப் போக விடணும்."

ஹரீஷ்குமார் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், இன்னும் எழுதவில்லை. "எந்த நாள்?"

"அமாவாசைக்கு மூணாம் நாள்."

"உப்பு இல்லாட்டி அன்னிக்கு அதுங்க ஏன் வரப்போகுது?"

ஆஞ்சப்பன் பாறையைப் பார்த்தான். முள்ளுக்கு வெளியே, குட்டி நக்கின இடத்தில் கல் இன்னும் ஈரமாக இருந்தது.

"வந்தா பாத்துக்கறேன் சார்" என்றான். "வராட்டியும் நான் வரணும்."